மாதாவுக்கு ஒரு சாமான் லிஸ்ட்

சமையல் மாஸ்டர் லூர்துநாதன் ருசி பார்க்க மாட்டார். ஆவூரிலிருந்து கீரனூர் வரைக்கும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். எண்பது கிலோ கறி வேகிற அண்டாவுக்கு முன்னால் நிற்பார். உப்பு டின்னுக்குள் வலது கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார். விரல்களை லேசாகத் தளர்த்திக் கொஞ்சத்தை டின்னிலேயே உதிர்த்துவிட்டு, மீதியை அண்டாவில் வீசுவார். அப்படிச் சில பிடி, கடைசியில் ஓர் அரைப்பிடி. அதோடு மூடிவிடுவார். மற்ற மாஸ்டர்கள் உள்ளங்கையில் குழம்பை ஊற்றி ஊற்றி நக்கிப் பார்த்தே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். இவர் நாக்குப் பக்கம் கரண்டி போனதே இல்லை.

"நாக்குல வைக்காமலே உப்புப் போடற கைய்யா அது" என்று சாப்பிட்டவர்கள் சொல்வார்கள். அவர் மறுக்க மாட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

உண்மை வேறு. நான்கு வருஷத்துக்கு முன்பு வரை அவரும் நக்கிப் பார்த்தவர்தான். ஒரு சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு ஆவூர் மாதா முன்னால் நின்று, மகள் நான்சிக்குத் தாலி ஏறுகிற வரைக்கும் சுத்தபோசனம் இருப்பதாக நேர்ந்துகொண்டார். தவக்காலத்தில் எங்கள் சனம் எல்லாம் நாற்பது நாள் கறியை விட்டுச் சுத்தபோசனம் இருப்பதுதான். நாற்பத்தோராம் நாள் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார்கள். லூர்துநாதனுக்கு நாற்பத்தோராம் நாள் வரவில்லை.

நேர்ந்துகொண்ட விதம் அவருக்கே உரியது. அவருக்கு வரிசையாக எழுதத் தெரிந்தது சாமான் லிஸ்ட் ஒன்றுதான். ஒரு விசேஷம் பேசி முடித்ததும், கார்பன் தாள் வைத்த நோட்டில் மேலே பார்ட்டி பெயர், என்ன விசேஷம், தேதி எழுதிக் கீழே சாமான்களை அடுக்குவார். மேல் தாள் பார்ட்டிக்கு, அடித்தாள் அவருக்கு. மாதாவிடமும் அப்படியே. பார்ட்டி: ஆவூர் மாதா. விசேஷம்: நான்சி கல்யாணம். தேதி: தாலி ஏறும் வரை. அதன் கீழே ஆட்டுக்கறி, கோழி, காடை, மீன், கருவாடு, நண்டு, முட்டை, தலை, கால், குடல், ரத்தம், பால், தயிர், நெய். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை கிலோ என்று எழுதுகிற இடத்தில், "இல்லை". மேல் தாளைக் கிழித்து மடித்து விண்ணப்பப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்று நம்புகிறவர். அதனால் மனைவி மரிய செல்விக்குத் தெரியாது, நான்சிக்குத் தெரியாது, பங்குச் சாமியாருக்கும் தெரியாது.

அவர் லிஸ்ட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்ட்டி கைக்குப் போன பிறகு அதில் ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒருமுறை விராலிமலையில் ஆத்மநாதன் என்பவர் வீட்டில் காதுகுத்து. கறியோடு மூன்று கிலோ ஈரலும் வந்து இறங்கியது. லிஸ்ட்டில் ஈரல் கிடையாது. வறுத்துக் கொடுக்கச் சொன்னதற்கு லூர்துநாதன் முடியாது என்றுவிட்டார். கறி என்றால் ஈரலும் அதில் அடக்கம்தானே என்று ஆத்மநாதன் வாதாடிப் பார்த்தார்.

"என் லிஸ்ட்டுல கறி வேற, ஈரல் வேற" என்றார் லூர்துநாதன். "எழுதுனதுக்குத்தான் நான் ஆளு."

கடைசியில் பந்தலுக்கு அங்கிட்டு மூன்று கல்லைக் கூட்டி ஆத்மநாதன் வீட்டுப் பெண்களே அந்த ஈரலை வறுத்தார்கள். லூர்துநாதன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் நான்கு வருஷம் எப்படி மறைத்தார் என்றால், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். கறி என்றால், அண்டா அண்டாவாக மோந்து பார்த்துத் தெகட்டிவிட்டது. மீன் என்றால் முள். முட்டை சூடு. பால் காஸ். தயிர் சளி. மிட்டாய்க்கடைக்காரர் மிட்டாய் தின்பதில்லை என்பதால் முதல் காரணத்தை மரிய செல்வி சந்தேகப்படவில்லை. மற்றவற்றை ஐம்பது வயதுக் கணக்கில் எழுதிவிட்டார். ஆக மனுஷன் உலகத்துக்கெல்லாம் பிரியாணி போட்டுவிட்டு, ரசமும் துவையலும் கீரையும் கடுங்காப்பியுமாகக் காலத்தை ஓட்டினார்.

நான்சியோ இது எதுவும் தெரியாமல் நிதானமாக இருந்தாள். தினமும் கீரனூரிலிருந்து பஸ் ஏறித் திருச்சியில் ஒரு லேபுக்கு வேலைக்குப் போய்வருபவள். முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளை, வேலையை விட்டுவிடச் சொன்னான். இரண்டாவது மாப்பிள்ளைக்குப் பதில் அவன் அம்மாவே எல்லாம் பேசினார். மூன்றாவது ஆள் பெண் பார்க்க வந்த ஒரு மணி நேரமும் போனில் கிரிக்கெட் பார்த்தான். இப்படி ஐந்து பேர். ஒவ்வொரு தடவையும் லூர்துநாதன் கைப்பட பிரியாணி. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள், நான்சி வேண்டாம் என்றாள், லூர்துநாதன் ரசம் சோற்றுக்குத் திரும்பினார். ஆறாவதாக வந்த அமல்ராஜ் பள்ளிக்கூட வாத்தியார். அவள் வேலை முடிந்து வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தை மாதக் கடைசியில் கல்யாணம் என்று முடிவானது.

இனி மூன்று மாதம்தான் என்று லூர்துநாதன் நிமிர்ந்த நேரத்தில், உடம்பு படுத்துவிட்டது.

முதலில் கால். பூசை முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தவரின் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது. இன்னொன்று வழியிலேயே கழன்றிருக்கிறது, கழன்றது தெரியவில்லை. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. பிறகு நாக்கு சிவந்து வழவழவென்று ஆனது. அதன் பிறகு விரல்கள். சட்டைப் பொத்தான் மாட்டக் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஐப்பசியில் கொடும்பாளூரில் ஒரு கிடாவெட்டு. வழக்கம்போலக் கையை உப்பு டின்னுக்குள் விட்டார், அள்ளினார், விரலைத் தளர்த்தினார். தளர்த்தியதாக நினைத்தார். விரல் தளரவே இல்லை. ஒவ்வொரு பிடியும் முழுசாக அண்டாவுக்குள் போயிற்று. முதல் பந்தி உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் தண்ணீர்க் கேன் எல்லாம் காலி. ஆண்டிச்சாமி என்ற பெரியவர் மட்டும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து, கைகழுவி, அண்டா பக்கம் வந்தார்.

"மாஸ்டரு, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துருக்கலாம்ல?"

லூர்துநாதன் அண்டாவின் மூடியை இழுத்துப் போட்டார். இத்தனை வருஷம் எது அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததோ, அதுவே இப்போது குற்றம். ஏன் பார்க்கவில்லை என்பதற்கு வாயைத் திறக்கவும் முடியாது.

கொடும்பாளூர் உப்பு இரண்டே நாளில் பஸ் ஏறிக் கீரனூரில் மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா லூர்துநாதன் வீட்டுக்கு வந்து, மிகுந்த மரியாதையோடு ஒரு யோசனை சொன்னார். பெண்ணைப் பெற்றவர் கல்யாணத்தன்று அடுப்படியில் புகையில் நிற்பானேன், மாலையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டாமா, திருச்சியில் நமக்குத் தெரிந்த கேட்டரிங் ஆள் இருக்கிறார். மரிய செல்வி காப்பியை நீட்டிக்கொண்டே கணவர் முகத்தைப் பார்த்தார். நான்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கே, இவள் கல்யாணத்துக்கு என் கைதான் உப்புப் போடும் என்று சொன்னவர் அவர். இப்போது "கார்த்திகை கழியட்டும், சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

கீரனூரில் டாக்டரிடம் போனார். டாக்டர் முதலில் சர்க்கரை பார்த்தார், இல்லை. என்ன தொழில் என்று கேட்டார். பிரியாணி மாஸ்டர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொழுப்பு, நெய், கறி என்று நீண்ட நேரம் எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் குறைத்தாக வேண்டும், மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கறி கூடாது. லூர்துநாதன் பணிவாகத் தலையாட்டினார். நான்கு வருஷமாக ஒரு துண்டு தொடாத மனுஷன், வீட்டுக்கு வந்து, மாதத்துக்கு இரண்டு தடவை போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மனைவியிடம் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான்சிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே அப்பாவின் கையைக் கட்டி ரத்தம் எடுத்து, லேபில் பி பன்னிரண்டு என்ற வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். குறைந்தது இருநூறாவது இருக்க வேண்டியது, தொண்ணூற்றிரண்டு இருந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வைட்டமின் கறி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. இவை எதையும் தொடாதவர்களுக்குத்தான் இப்படிக் குறையும். அப்பாவோ வீட்டில் தொடாவிட்டாலும் கறி அண்டாவுக்குள்ளேயே குடியிருப்பவர், போகிற விசேஷத்திலாவது சாப்பிடாமலா இருப்பார்? அப்படியானால் சாப்பிடுவது வயிற்றில் ஒட்டவில்லை என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்து, திருச்சியில் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க நாள் வாங்கினாள். லூர்துநாதன் அதற்கும் சரி என்றார். நேர்ச்சையைச் சொல்வதற்குக் குழாயை விழுங்குவது மேல் என்று இருந்துவிட்டார்.

அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம், மரிய செல்வி பழைய லிஸ்ட் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டரிங் ஆள் வருவதானால் அறுநூறு பேருக்கு எவ்வளவு சாமான் ஆகும் என்று கையில் ஒரு கணக்கு வேண்டும். நோட்டுக்குள் நீலக் கார்பன் எழுத்தில் ஒரு பக்கம் வித்தியாசமாக இருந்தது. எல்லாச் சாமானுக்கும் எதிரே இல்லை, இல்லை என்று இருந்தது. மேலே பார்ட்டி பெயரைப் படித்தார். பிறகு நோட்டை நான்சியிடம் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று நான்சிக்குத் தெரியவில்லை.

கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். நோட்டைப் பார்த்ததும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அஞ்சு பேர வேணாம்னு சொல்லியிருக்கேன்" என்றாள் நான்சி. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத ஆளையே கட்டியிருப்பேனேப்பா."

"அதுக்குத்தான்த்தா சொல்லல" என்றார் லூர்துநாதன்.

 மரிய செல்விதான் முதலில் தெளிந்தார். முள், சூடு, காஸ், சளி என்று நான்கு வருஷக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தான் அரைத்த சுக்கையும் இடித்த மிளகையும் அதில் கூட்டி, ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

குழாய் போயிற்று. ஊசி வந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று என்று கீரனூர் டாக்டரே எழுதிக் கொடுத்தார். கறியைக் குறைக்கச் சொன்னதை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, இவரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் முதல் ஊசியை நான்சி மருந்தேற்றித் தூக்கிப் பிடித்ததும், லூர்துநாதன் கையை இழுத்துக்கொண்டார். மருந்து ரத்தச் சிவப்பாக இருந்தது.

"ரத்தம் லிஸ்ட்டுல இருக்கு" என்றார்.

அந்த மருந்தின் நிறமே அதுதான், ஆட்டிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பதில்லை, பாக்டீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியை வளர்த்து அதிலிருந்து தயாரிக்கிறார்கள் என்று நான்சி விளக்கினாள். லூர்துநாதன் யோசித்தார். நோட்டை எடுத்துவரச் சொல்லி, பதினான்கு சாமானையும் விரல் வைத்துப் படித்தார். கிருமி இல்லை. கையை நீட்டினார்.

ஊசியோடு சாப்பாடும் வேண்டும் என்பதில் நான்சி உறுதியாக இருந்தாள். தாலி ஏறட்டும் என்பதில் அவரும் உறுதியாக இருந்தார். அந்த வைட்டமினை உடம்பு ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும், நான்கு வருஷமாக அவர் அதைத்தான் தின்று தீர்த்திருக்கிறார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரல் என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. நோட்டை இழுத்து இன்னொரு தடவை படித்தாள்.

"அப்பா, ஈரல் எங்க?"

"எங்கன்னா?"

"லிஸ்ட்டுல ஈரல் இல்லையே."

லூர்துநாதன் நோட்டை வாங்கினார். தலை இருந்தது, கால் இருந்தது, குடல் இருந்தது, ரத்தம்கூட இருந்தது. ஈரல் இல்லை. முப்பது வருஷத் தொழிலில் ஒரு சாமான் விட்டுப்போயிற்று என்று ஒருத்தர் விரல் நீட்டியதில்லை.  கறி என்று எழுதினால் அதில் ஈரலும் அடக்கம்தான் என்று முனகினார்.

"அத விராலிமலைக்குப் போயி ஆத்மநாதன்கிட்டச் சொல்லிட்டு வாங்க" என்றார் மரிய செல்வி.

லூர்துநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நெய்க்குக் கீழே ஒரு வரி எழுத இடம் இருந்தது. மரிய செல்வி நோட்டின் மேல் கையை வைத்துவிட்டார்.

"மேல் தாளு பார்ட்டிகிட்டப் போயி நாலு வருசமாச்சு. போனதுக்கப்புறம் எழுதுற ஆளா நீங்க?"

லூர்துநாதன் பேனாவை மூடினார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மரிய செல்வி கால் கிலோ ஈரலை மிளகு போட்டு வறுத்து வைத்தார். லூர்துநாதன் சிலுவை போட்டுக்கொண்டு, மருந்து என்றே நினைத்துக்கொண்டு, ஒரு துண்டை வாயில் போட்டார். தாயும் மகளும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் கோத்தது. மென்று விழுங்கிவிட்டு, "மிளகு இன்னும் ஒன்னுரெண்டாத் தட்டியிருக்கணும்" என்றார். மரிய செல்விக்கு நிம்மதியாயிற்று. ஆள் பிழைத்துவிடும்.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் ஈரல், மற்ற நாளெல்லாம் பழைய ரசம். பதினான்கு சாமானும் அப்படியே விலக்கு. அந்த ஈரல் எப்படி விட்டுப்போயிற்று என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி. மறதி என்கிறார் அவர். முன்பெல்லாம் அடுப்பு பற்ற வைத்ததும் முதல் வேலையாக ஒரு கை ஈரல் வறுத்துத் தின்றவர், அதை எழுத அவருக்குக் கை வரவில்லை என்கிறார் மரிய செல்வி. மாதா எந்தக் கட்சி என்று தெரியாது.

மார்கழி பிறந்தபோது நாக்குச் சிவப்பு போயிற்று. செருப்பு காலிலேயே தங்கியது. விரல்தான் மெதுவாக வந்தது. தினமும் காலையில் ஒரு டம்ளர் உப்பை எடுத்துக் கொல்லைப் பக்கம் போய், பிடித்து, உதிர்த்து, மறுபடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு முந்தின நாள் கண்ணாடி பார்க்காமல் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டார். கேட்டரிங் ஆள் வேண்டாம் என்றார். அவரும் சரி என்றார். பிறகு, தண்ணீர்க் கேன் மட்டும் நூறு கூடுதலாகச் சொல்லி வைக்கட்டுமா என்று அவர் கேட்டார்.

கல்யாணத்தன்று பூசை பத்து மணிக்கு. லூர்துநாதன் விடியும் முன்பே அடுப்படிக்கு வந்துவிட்டார். எட்டரை மணிக்கு அண்டாவில் கறியோடு தண்ணீர் கொதித்தது. உப்பு டின்னுக்குள் கையை விட்டார். பிடித்தார். தளர்த்தினார். உப்பு விரலிடுக்கில் இறங்குவது தெரிந்தது, முழுசாகத் தெரிந்ததா என்பதுதான் தெரியவில்லை. அப்படியே போட்டு முடித்துவிட்டு, கடைசி அரைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தாலி ஏற இன்னும் இரண்டு மணி நேரம். அதுவரைக்கும் அந்தக் குழம்பு அவருக்கு ஆகாது.

அப்போதுதான் நான்சி வந்தாள். பாதி முகத்துக்கு மேக்கப், தலையில் ஏழெட்டு கிளிப், பின்னாலேயே பியூட்டி பார்லர் பெண் சேலை முந்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மருதாணிக் கையை நீட்டினாள் நான்சி.

"ஊத்துங்கப்பா."

"பூசையில நன்மை அப்பம் வாங்கப் போறவ. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எதுவும் சாப்பிடக் கூடாது."

"மணி எட்டரைதான். ஊத்துங்க."

ஒரு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்தாள்.

"ஓ.ஆர்.எஸ். கரைச்ச தண்ணி மாதிரி இருக்கு."

"சமையல் பாசையில சொல்லு. கரிக்குதா, தூக்கலா?"

"தூக்கல்தான். கரிக்கல."

"அரிசி இழுத்துக்கும்" என்றார். கையிலிருந்த அரைப்பிடியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதைப் பாதியாக்கி, பாதியை டின்னில் உதிர்த்து, மீதியை அண்டாவில் போட்டு மூடினார். பிறகு குளித்து, வேட்டி கட்டி, கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி ஏறியபோது எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். மரிய செல்வி மட்டும் கணவரைப் பார்த்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. செபம் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பதினான்கு சாமானையும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார் என்பது மரிய செல்விக்குத் தெரியும்.

மூன்று பந்தி போயிற்று. கூடுதல் கேன்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா இரண்டாவது தடவை பிரியாணி வாங்கிக்கொண்டதை அடுப்படியிலிருந்தே லூர்துநாதன் பார்த்துவிட்டார். கடைசிப் பந்தியில் அவரை உட்கார வைத்து, கல்யாணப் புடவையோடு நான்சியே இலையில் பரிமாறினாள். பிரியாணி, முட்டை, தயிர்ப் பச்சடி, ஈரல் வறுவல். ஈரல்தான் அன்றைய லிஸ்ட்டில் முதல் வரி.

லூர்துநாதன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடி மெதுவாக மென்றார். விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்று மரிய செல்வி கேட்டார்.

"உப்பு ஒரு சிட்டிகை கொறச்சிருக்கலாம்."

"அறுநூறு பேரு சாப்பிட்டாங்க. ஒருத்தர் அப்புடிச் சொல்லலையே."

"அவுங்க ருசி பாக்காமத் தின்னுருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டிக்கு இலையை முன்னால் நகர்த்தினார் லூர்துநாதன்.